புலிராஜா சிரிக்காத ஒரு ஜோக்

ஒரு காட்டில், மழை மூன்று மாதம் தள்ளிப்போன ஒரு வருஷத்தில், ஒரு தேவாங்கு இருந்தது. தேவாங்கு பார்த்திருக்கிறீர்களா? உடம்பு ஒரு பிடி இருக்கும்; மீதியெல்லாம் கண்தான். எதைப் பார்த்தாலும் கண் கொட்டாமல் பார்க்கும். பார்த்துவிட்டு, "அது ஏன் அப்படி?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லக் காட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. "தேவாங்கு மாதிரி முழிக்காதே!" என்று அதனிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். தேவாங்கு வேறு எந்த மாதிரி முழிக்கும்? அதுவும் அதற்குப் புரியாத விஷயங்களில் ஒன்று.

அதே காட்டில் ஒரு முள்ளம்பன்றியும் இருந்தது. அதற்குக் கோபம் மூக்கின் நுனியில் நிற்கும். கோபம் வந்தால் அது கடிக்காது, ஓடாது, பேசும். வெயில் சாய்ந்ததும் தட்டைப்பாறைமேல் ஏறித் தனியாக நின்றுகொள்ளும். பாட்டு கிடையாது, வேஷம் கிடையாது, தாளம் போடப் பக்கத்தில் ஆள் கிடையாது. வெறும் வாய்தான். காட்டின் தாழ்ந்த பக்கமான பள்ளத்துக்காட்டில் வாழும் பிராணிகள் எல்லாம் கீழே உட்கார்ந்து கேட்கும்.

"நம்ம புலிராஜா பட்டினியை ஒழிச்சிட்டாருப்பா! யாரோட பட்டினியைன்னு கேக்காதீங்க. அவரோடதைத்தான்!"

கூட்டம் சிரித்தது.

"ஓடையில தண்ணி ஓடுன காலத்துல காட்டெருமைங்க மேல நின்னு குடிக்கும். நாம கீழ நின்னு குடிக்கணும். ஏன்னு கேட்டா, 'எங்க வம்சம் மேல நிக்கிற வம்சம்'னு சொல்லும். சரிங்க, நில்லுங்க. காலை மட்டும் வெளியே வச்சுக்கிட்டு நில்லுங்களேன்! உங்க வம்சத்துச் சேறு பூரா எங்க தொண்டையிலதான் இருக்கு."

மான்கள் விழுந்து விழுந்து சிரித்தன. ஓரமாக நின்ற காட்டெருமைகளும் கொஞ்சம் சிரித்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து முறைத்தன.

"மான்களே, நீங்க என்ன சிரிப்பு? ஒரு முயல் உங்களுக்கு முன்னாடி வந்து குடிச்சா விட்டீங்களா என்ன?"

மான்கள் சிரிப்பை நிறுத்தின. முயல்கள் சிரிக்க ஆரம்பித்தன.

பாறைக்கு மேலே இருந்த கிளையில் தேவாங்கு தொங்கிக்கொண்டிருக்கும். ராத்திரியில் இரை தேடும் பிராணி அது; அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தினமும் வரும். வந்தும் சிரிக்காது. முள்ளம்பன்றிக்கு அது பெரிய உறுத்தல். நூறு பேர் சிரித்தாலும் சிரிக்காத ஒருவன்தானே பேசுகிறவன் கண்ணில் படுவான்!

"ஏய் தேவாங்கு! எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ மட்டும் என்ன முழிச்சுக்கிட்டிருக்கே?"

"சிரிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கிறாங்கண்ணே. மூடிட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே" என்றது தேவாங்கு.

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். ஏனென்று தேவாங்குக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் மந்திரி கழுதைப்புலி பாறைக்கு வந்து தொண்டையைச் செருமியது.

"எல்லாரும் கேளுங்கள்! மழை இல்லாததால் ராஜாவின் குகைக்குப் பின்னால் இருக்கும் மேட்டுச்சுனை வற்றிவிட்டது. ஓடையில் இனித் தண்ணீர் வராது. ஆகையால் பள்ளத்துக்காட்டுப் பிராணிகள் வரும் பௌர்ணமிக்குள் பொட்டலைத் தாண்டி வேறு காட்டுக்குப் போய்விட வேண்டும். சுனைப் பக்கம் பாறை சரிகிறது. அங்கே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. வழியில் நிழலுக்கும் தண்ணீருக்கும் ஆவன செய்யப்படும். இது ராஜா உத்தரவு!"

பௌர்ணமிக்கு நாலே நாள் இருந்தது. பொட்டல் என்றால் பேருக்குக்கூட ஒரு மரம் இல்லாத வெட்டவெளி. மான் ஓடிவிடும், முயல் தாவிவிடும். தேவாங்கு என்ன செய்யும்? கிளையைவிட்டு இறங்கினால் பத்தடி போவதற்குள் அதற்கு அரைப்பொழுது ஆகிவிடும். கீழே கொதிக்கிற மண், மேலே பருந்து. பாதி வழிகூடத் தாண்ட முடியாது என்று அதற்கே தெரிந்தது.

மறுநாள் முள்ளம்பன்றியின் உடம்பில் ஒரு முள்கூடப் படியவில்லை.

"ஆவன செய்யப்படும்! யாருப்பா அந்த ஆவன? நேத்துலேருந்து தேடுறேன், ஒரு புதர் விடலை. அவனும் இல்லை, இவனும் இல்லை, ஆவன! எங்கேயாவது பார்த்தா சொல்லுங்க, அவன் வாலைப் பிடிச்சுக்கிட்டே பொட்டலைத் தாண்டிடலாம்!"

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் கூட்டம் இரண்டாக விலகிக்கொண்டிருந்தது. நடுவே புலிராஜா நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முள்ளம்பன்றியைப் பாராட்டத்தான் வேண்டும், அது ஓடவில்லை.

"வாங்க ராஜா! இப்பத்தான் வர்றீங்களா? உங்க தொப்பை அப்பவே வந்துடுச்சே!"

புலிராஜா ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். 'அப்பாடா' என்று எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். முள்ளம்பன்றிக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"நம்ம ராஜா தினமும் காட்டை மேற்பார்வை பார்க்கிறாரு. மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேலேதான் பார்க்கிறாரு!"

புலிராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தேவாங்கு கிளையிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு திட்டினால் கோபம்தானே வர வேண்டும்? இவருக்கு ஏன் சிரிப்பு வருகிறது? அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அதற்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

கடைசியாக முள்ளம்பன்றி வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டது. "சுனை வத்திப்போச்சு. ஓடை காஞ்சுபோச்சு. எங்க நாக்கெல்லாம் அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ராஜா மீசை மட்டும் எப்பப் பார்த்தாலும் ஈரமா இருக்கே, அது என்னங்க ரகசியம்?"

அன்றைக்குப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உருண்டார்கள். தேவாங்கு மூடவில்லை. அதனால் அது பார்த்தது: புலிராஜா சிரிக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த வால் நின்றுவிட்டது. நாக்கு மட்டும் வெளியே வந்து, மீசையை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை துடைத்துவிட்டு உள்ளே போனது.

சிரிப்பு அடங்கியதும் புலிராஜா எழுந்தார். "பிரமாதம்! இப்படிக் கேலி செய்யும் குடிமக்கள் கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும். நாளைக்கு என் குகை வாசலிலேயே பேசு. எல்லாரும் வாருங்கள்!" பிறகு முள்ளம்பன்றியின் காதோரம் குனிந்தார். "தொப்பையைப் பற்றி இன்னும் நாலு சேர்த்துக்கொள். அந்த மீசைச் சமாச்சாரம் மட்டும் வேண்டாம். அது எடுபடவில்லை."

அவர் போனதும் முள்ளம்பன்றியின் கால் தரையில் நிற்கவில்லை. "பார்த்தியா தேவாங்கு! ராஜாவே ரசிச்சிட்டாரு!"

"உத்தரவை வாபஸ் வாங்கிட்டாரா அண்ணே?"

முள்ளம்பன்றியின் துள்ளல் நின்றது. "இல்லை" என்றது.

"அப்ப ஏன் சிரிச்சாரு?"

"நல்லா இருந்துச்சு, சிரிச்சாரு. எல்லாத்தையும் நோண்டாதே!"

"மீசை ஜோக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? எல்லாரும் அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க. அவர் மட்டும் சிரிக்கலை. நக்கினாரு."

"எதை?"

"மீசையை."

முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. "அது நான் சும்மா சொன்னதுடா! ஒரு சிரிப்புக்காகச் சொன்னேன்."

"எனக்கு அந்தச் சுனையைப் பார்க்கணும் அண்ணே."

"பிடிபட்டா கொன்னுடுவாரு."

"பொட்டல்ல மட்டும் பொழைச்சுக்குவேனா?"

முள்ளம்பன்றி அதன் பெரிய கண்களைப் பார்த்தது. "சரி. நான் பேசுற வரைக்கும் அவர் எழுந்திருக்க மாட்டாரு. உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"மத்தவங்களுக்கு நாலு பாய்ச்சல்தான். எனக்கு... உங்ககிட்ட எத்தனை ஜோக் இருக்கு?"

மறுநாள் குகை வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. ராஜா நடுவில் சாய்ந்திருந்தார். முள்ளம்பன்றி தொப்பையில் ஆரம்பித்தது. குகைக்கு மேலே படர்ந்திருந்த ஆலமரத்தில் தேவாங்கு ஒரு கையை எடுத்து வைத்தது. அப்புறம் ஒரு கால். அப்புறம் இன்னொரு கை.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. தேவாங்கு முழம் முழமாக நகர்ந்தது. தொப்பை முடிந்து குறட்டை வந்தது. குறட்டை முடிந்து மேற்பார்வை வந்தது. அதெல்லாம் தீர்ந்துபோய் மறுபடியும் தொப்பை வந்தது! முள்ளம்பன்றியின் குரல் கம்மிவிட்டது. ஆனால் புலிராஜா ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தார். 'தன்னைப் பற்றிப் பேசினால் இவருக்கு அலுக்கவே அலுக்காதோ?' என்று யோசித்தபடியே தேவாங்கு கடைசிக் கிளைக்கு வந்து, இலையை விலக்கி எட்டிப் பார்த்தது.

கீழே தண்ணீர் தளதளவென்று நின்றது. சுனை வற்றவே இல்லை. தண்ணீர் ஓடைக்கு இறங்கும் வழியில் ஒரு பெரிய பாறையை உருட்டிவைத்து, மண்ணால் பூசி அடைத்திருந்தார்கள். தேங்கிய தண்ணீர் குளமாகி, கரையெல்லாம் பச்சைப் பாசி படிந்திருந்தது. கரைச் சேற்றில் புலியின் கால் தடங்கள் இருந்தன. பக்கத்தில் மந்திரியின் தடங்களும் இருந்தன.

தேவாங்குக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. அதற்குக் கோபம் வந்தது அன்றுதான். விழுது வழியாக இறங்கி, பாசியைக் கொத்தாக அள்ளி வாயில் கவ்விக்கொண்டு, வந்த வழியே திரும்பியது.

குகை வாசலில் முள்ளம்பன்றி தொப்பையை ஐந்தாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த ஒரு மான்குட்டியின் மூக்கில் சொட்டென்று ஏதோ விழுந்தது. குட்டி அதை நக்கியது. இன்னொரு சொட்டு விழுந்தது.

"அம்மா, தண்ணி!" என்றது குட்டி.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். தேவாங்கு வாயைத் திறந்தது. ஈரப்பாசி பொத்தென்று முள்ளம்பன்றியின் காலடியில் விழுந்தது. மூன்று மாதமாக அந்தக் காட்டில் ஒருவரும் பார்க்காத ஈரப் பச்சை அது.

"ராஜா, உங்க மீசை எப்படி ஈரமாச்சுன்னு பார்க்கப் போனேன்" என்றது தேவாங்கு. அதன் கண் ராஜாவைவிட்டு நகரவில்லை. "சுனை வத்தலை. ஓடைக்குத் தண்ணி இறங்குற வழியை அடைச்சு, பின்பக்கம் குளமாத் தேக்கியிருக்கு. ஏன் ராஜா அப்படி?"

"பொய்!" என்று கத்திய மந்திரி, எல்லாரும் தன் பக்கம் திரும்பியதும் வாலை இடுக்கிக்கொண்டது.

புலிராஜா சுற்றிலும் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டினார். "பிரமாதம்! இதுவரை கேட்டதிலேயே இதுதான் நல்ல ஜோக்!" என்று சொல்லி, காடு அதிரச் சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் திறந்திருந்தது.

முதலில் ஒரு காட்டெருமை எழுந்து, ராஜாவைத் தாண்டிக் குகையின் பின்பக்கம் நடந்தது. அதன் பின்னே இன்னும் இருபது நடந்தன. ஒன்றை அடித்துவிடலாம், இருபதை அடிக்க முடியாது என்று புலிக்குத் தெரியும். மான்கள் போயின. முயல்கள் போயின. முள்ளம்பன்றியும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனது.

பாறை உருளும் சத்தம் கேட்டது. தண்ணீர் பாயும் சத்தமும் கேட்டது. வாசலில் புலிராஜா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கூடச் சிரிக்க அங்கே ஒருவரும் இல்லை.

நீதி: எந்தக் கேலிக்கு அதிகாரம் சிரிக்கவில்லையோ, அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.