தூசு எடுத்தவர்

“‘அம்பத்திரண்டு வயசுல வந்து சேர்ந்தவன்தானேன்னு நான் எடுத்த தூசுக்குக்கூட மரியாதை கொடுக்க மாட்டேங்கறீங்க.’ இதைத்தானே சார் காலையிலேர்ந்து மூணு தடவை சொன்னீங்க?” என்று கேட்டார் பிலோமினா.

“நாலு தடவை,” என்றார் அருணகிரி.

“சரி, நாலு.”

இருவரும் ஒரு சர்வதேச அணு முகமையில் ஆய்வாளர்கள். குண்டுக்கு உதவும் யுரேனியத்தை யாராவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று நாடு நாடாகப் போய்ப் பார்ப்பது வேலை. புதிதாக வருகிறவர் ஒரு வருடம் ஒரு பழைய ஆளிடம் பயில வேண்டும். அந்தப் பழைய ஆளின் கையெழுத்து இல்லாமல் புதியவரின் அறிக்கை மாடி ஏறாது.

பிலோமினா தூத்துக்குடிக்காரர். நாற்பத்தைந்து வயது. இந்த வேலையில் பதினெட்டு வருடம். அருணகிரியோ ஊரில் ஓர் அணு உலையையே நடத்திவிட்டு வந்தவர். குருவைவிட ஏழு வயது மூத்த சீடர். பாடம் கேட்பதென்றால் கசக்கத்தான் செய்யும்.

மேஜைமேல் பரிசோதனைக்கூடம் அனுப்பிய தாள் கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன் அருணகிரி ஒரு சிறிய நாட்டின் எரிபொருள் கூடத்தில் ஆறு இடங்களில் பஞ்சுத் துணியால் தூசு துடைத்து எடுத்திருந்தார். ஐந்து துணிகள் சுத்தம். ஆறாவதில் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு துகள். குண்டு செய்கிற தரம். அந்த நாட்டில் அது இருக்கவே கூடாது.

“மூணு மணிக்கு அறிக்கை மேலே போகணும். இப்ப ரெண்டு இருபது.”

“எனக்கும் மணி பார்க்கத் தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க? அவங்க மறைச்சு வெச்சிருக்காங்க. நான் பிடிச்சிருக்கேன். இதையே ஒரு வெள்ளைக்காரன் எடுத்திருந்தா இந்நேரம் போட்டிருப்பீங்க.”

“அவன்கிட்டயும் இப்படித்தான் இருப்பேன். அவன் என்னை வேற பாஷையில திட்டுவான், அவ்வளவுதான். அறிக்கை போனா என்ன நடக்கும்?”

“விசாரணை வரும். தடை வரும்.”

“அதுக்கு முன்னாடி?”

அருணகிரி ஜன்னலைப் பார்த்தார். அந்த எரிபொருள் கூடத்தின் பொறுப்பாளர் இரீனா என்ற பெண்மணி. ஒரு கதவு பாக்கியில்லாமல் திறந்துவிட்டு, போதும் போதும் என்று சொல்லியும் கேட்காமல் இவருக்கு முட்டைக்கோஸ் சூப் ஊற்றியவர். துகள் எப்படி வந்தது என்று அவருடைய அரசாங்கம் அவரைத்தான் முதலில் கேட்கும். அந்த நாட்டில் அப்படிக் கேட்கப்பட்டவர்கள் வீடு திரும்பியதை யாரும் பார்த்ததில்லை.

“எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு,” என்றார் அருணகிரி. “சூப் ஊத்தினாங்கன்னு உண்மையை மறைக்க முடியுமா? எல்லாரையும் சந்தேகப்படுங்கன்னு முதல் நாளே சொன்னது நீங்கதானே?”

“நான்தான்.”

“பின்னே?”

“அந்தத் தூசு எடுத்ததுக்கு முந்தின வாரம் எங்கே இருந்தீங்க?”

“வேற நாட்டுல, யுரேனியத்தைச் செறிவூட்டுற ஒரு ஆலையில. நீங்கதானே அனுப்பினீங்க?”

“அங்கே இந்தத் தரம் உண்டா?”

“உண்டு. உலகத்துக்கே தெரிஞ்ச ஆலை.” சட்டென்று அருணகிரியின் முகம் சிவந்தது. “ஓ. அங்கேயிருந்து நான் ஒட்டிக்கிட்டு வந்தேங்கறீங்க. ஷூ, சட்டை, பெல்ட், பேனா, வாட்ச், எல்லாத்தையும் அங்கேயே போட்டுட்டுப் புதுசு வாங்கினேன். கல்யாண மோதிரத்தைக்கூடக் கிளம்பும்போதே கழட்டி வீட்டுல வெச்சுட்டேன். இப்ப விரல்ல ஏற மாட்டேங்குது. வீட்டுல இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது.”

“சோப்பு போட்டுப் பார்த்தீங்களா?”

“மேடம், விளையாடாதீங்க.”

பிலோமினா விளையாடவில்லை. அலமாரியைத் திறந்து இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையுறை, துணி, பைகள். ஆய்வுக்குப் போகும்போது எடுத்துச் செல்கிற அதே பெட்டிகள்.

“தூசு எடுங்க.”

“இப்பவா?”

“உங்ககூட வந்த இன்னொரு ஆய்வாளர் அன்னிக்கு என்ன செஞ்சார்?”

“பக்கத்துல நின்னு குறிப்பு எழுதினார்.”

“நான் எழுதறேன். நீங்க எடுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு அருணகிரி கையுறை மாட்டினார். உறையைப் பிரித்தார். துணியை நுனியில் பிடித்து மேஜையை ஒரே வீச்சில் துடைத்தார். மடித்தார். பைக்குள் போட்டார். அதை இன்னொரு பைக்குள் போட்டார். மூடினார். பாடப்புத்தகத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம்.

“தப்பு இருக்கா?”

“இல்லை. ஆறாவது துணி எங்கே எடுத்தது?”

“ஒரு மெஷினுக்கு அடியில. தரையோட தரையா இருந்துது.”

“அப்ப மேஜைக்கு அடியில எடுங்க.”

“மணி ரெண்டு நாப்பது மேடம்.”

“அதனாலதான் சொல்றேன்.”

அருணகிரி புதுக் கையுறை மாட்டி, முழங்காலில் இறங்கித் தலையை மேஜைக்கு அடியில் நுழைத்தார். பெருமூச்சு கேட்டது. துடைத்தார். மடித்தார். இரண்டு பைகளிலும் போட்டு மூடிவிட்டு வெளியே வந்தார்.

“போதுமா?”

பிலோமினா குறிப்புத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். நாலே வரிகள்.

கையுறை மாட்டினார். துணியை எடுத்தார். நழுவிய மூக்குக்கண்ணாடியை விரலால் மேலே தள்ளினார். அதே கையால் துடைத்தார்.

அருணகிரி படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“நான் தள்ளினேனா?”

“தள்ளினீங்க.”

“அன்னிக்கு இதை யாரும் எழுதலையே.”

“யாரும் எழுத மாட்டாங்க. மூச்சு விட்டதை எழுதுவாங்களா? அந்த ஆலையிலயும் இதே கண்ணாடிதானா?”

அருணகிரி தலையை மட்டும் அசைத்தார். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டவர். இது இல்லாமல் கதவு எது, சுவர் எது என்றே அவருக்குத் தெரியாது.

“இதனால ஒண்ணும் நிரூபணம் ஆகலை,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “அவங்க மறைச்சும் இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

“அடுத்த மாசம் என்னை நிரந்தரம் பண்ணணும். தூசைத் தானே கொண்டுபோய்த் தானே கண்டுபிடிச்சவன்னு பேர் வந்தா முடிஞ்சுது.”

“முடிஞ்சுரும்,” என்றார் பிலோமினா. ஆறுதல் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

தொலைபேசி அடித்தது. மேல்மாடி. பிலோமினா எடுத்தார். “வருது. பதினஞ்சு நிமிஷம்,” என்று சொல்லி வைத்தார். எந்த அறிக்கை வருகிறது என்று சொல்லவில்லை.

“எல்லாரையும் சந்தேகப்படச் சொன்னீங்க,” என்றார் அருணகிரி. “நீங்க என்னை மட்டும்தான் சந்தேகப்படறீங்க.”

பிலோமினா புதுக் கையுறை மாட்டிக்கொண்டார். ஒரு காலிப் பையின் வாயை விரித்து அவருக்கு நேராக நீட்டினார்.

“இரீனாவைச் சந்தேகப்பட இந்தக் கட்டடம் முழுக்க ஆள் இருக்கு சார். உங்களைச் சந்தேகப்பட நாம ரெண்டு பேர்தான். கண்ணாடியைக் கழட்டி இதுல போடுங்க.”

அருணகிரி ஒரு புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார்.