புங்கமரத்தடி நாற்காலி

கீழக்குளத்துக் கபடிப் பெண்கள் காலங்காலமாக ஏங்கியது ஒரு கூரைக்கு. ஒருவழியாக அரங்கம் கட்ட உத்தரவு வந்தது. பேரூராட்சித் தலைவர் சொக்கலிங்கமோ, சுற்றிலும் கண்ணாடி, உள்ளே ஏசி என்று முடிவுகட்டி, மைதானத்துப் புங்கமரத்தில் வெட்டுக்குறியும் போட வைத்தார்.

"மரத்தை விட்டுருங்க ஐயா. அந்த நிழல்ல, காத்து வர்ற மாதிரி கட்டினா ஏசியே வேண்டாம்" என்றாள் அணித்தலைவி இசக்கி.

"கட்டாத கட்டடம் குளுகுளுன்னு இருக்கும்னு இப்பவே நிரூபி, பாப்போம்!"

"சரி ஐயா. பூமி பூஜையன்னைக்கு."

பந்தல் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று உச்சிவெயில். நாலு பக்கமும் கண்ணாடித்தாள் அடைத்த பந்தல், நடுவில் துண்டு போர்த்திய தலைவர் நாற்காலி.

"என்ன புள்ள இது?"

"கரண்ட் போனா உங்க அரங்கம் இப்படித்தான் ஐயா இருக்கும்."

தலைவர் வீம்புக்கு உட்கார்ந்தார். பூஜை முடியுமுன்னே சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.

"ஏ புள்ள, நாற்காலியைத் தூக்கி அந்த மரத்தடியில போடு!"

போட்டாள். காற்று வந்தது. "அப்பாடா!" என்று சாய்ந்தார் தலைவர்.

"நீங்களே நிரூபிச்சிட்டீங்க ஐயா."

கூட்டம் சிரித்தது. தலைவர் திரும்பினார், அடிமரத்தில் சிவப்பு வெட்டுக்குறி. விரலால் அதை அழிக்கப் பார்த்தார்.

இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. எதிரே கொதிக்கும் கபடிக்களத்து மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க ஒரு கூரை போதும் ஐயா. எங்க அம்மாவும் அந்த வெயில்லதான் ஆடினா."