சாம்பிராணி குடித்த கார்

கோயம்புத்தூர்ப் பட்டறை முதலாளி தனபாலுவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு நாள் திக்கித் திணறி நின்றுபோனது. பழி முழுக்க, அதைக் கழுவிய மெக்கானிக் ரெஜினா தலையில் விழுந்தது.

"இன்ஜினுக்குள்ள தண்ணி விட்டுட்டயே, புள்ள! வண்டி இப்பவே ஓடணும். ஆனா உன் கை இனி இதுமேல படக்கூடாது. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிரு."

பட்டறையே கூடி நின்றது. ரெஜினா மாதாவை மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சரிங்க. அப்ப உங்க கையே வேலை செய்யட்டும். பானெட்டைத் திறந்து, காத்துக் குழாயில இருக்கிற அந்தச் சென்சாரைக் கழட்டுங்க. இன்ஜினுக்குப் போற காத்தை அளக்கிறது அதுதான்."

முறைத்துக்கொண்டே கழற்றினார். சென்சாரில் கரி அப்பியிருந்தது.

"மோந்து பாருங்க."

"சாம்பிராணி!" என்று அவர் வாயே சொல்லிவிட்டது.

"திருஷ்டி கழியட்டும்னு வெள்ளிக்கிழமையானா வண்டிய ஓடவிட்டு, அது காத்து இழுக்கிற எடத்துலயே புகை காட்டறது யாருங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளி அவள் சொன்னபடி சென்சாருக்குக் கரி நீக்கும் ஸ்பிரே அடித்து, காயவைத்து மாட்டினார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"நாளைக்கும் வேலைக்கு வருவேனுங்க," என்றாள் ரெஜினா. "சாம்பிராணியைச் சாமிக்கே காட்டுங்க. அவருக்குத்தான் மூச்சு முட்டாது."