பாதி முறுக்கு

கோயம்புத்தூரில் ஒரு பைக் இருந்தது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். போகும் தெருவெல்லாம் நீலப் புகை. அதை ஓட்டியவர் நகுலன், பல் டாக்டர். பைக்குக்குத் தான் ஒரு பந்தயக் குதிரை என்று நினைப்பு. நகுலனுக்கும் தன்னைப் பற்றி ஏறக்குறைய அதே நினைப்புதான்.

ஒருநாள் அவிநாசி ரோட்டில், முள்ளங்கிக் கட்டு ஏற்றிய ஒரு மொபெட் அவர்களை முந்திக்கொண்டு போனது.

"என் மேல தப்பில்லை," என்றது பைக். "இந்தக் கார்புரேட்டர் ரெண்டுக்கும் தொண்டை சின்னது. காத்தையும் பெட்ரோலையும் ஸ்பூன்ல ஊட்டுனா நான் எப்படி ஓடறது?"

கார்புரேட்டர்கள் தம் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்த நகுலனும் மனைவி கோதையிடம் அதையே சொன்னார். "பந்தயக் கார்புரேட்டர் மாட்டினா இது பறக்கும்."

"மொபெட்காரருக்கு ஏதோ அவசரமா இருந்திருக்குமுங்க," என்றார் கோதை.

ஞாயிற்றுக்கிழமை நகுலன் பல் நோண்டும் கருவிகளோடு பைக் முன்னால் உட்கார்ந்தார். பழைய ஜோடியைக் கழற்றி, துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் வைத்தார். புது ஜோடி அகன்ற வாயோடு பளபளத்தது. மாட்டும்போது பழக்க தோஷத்தில், "நல்லா ஆ காட்டுங்க," என்றார்.

"எங்களுக்கு மெதுவாப் போகத் தெரியாது," என்றன புதியவை. "முழுசா முறுக்கச் சொல்லுங்க. அப்பத்தான் எங்களுக்கு மூச்சே வரும்."

"அதுக்குத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்," என்றது பைக்.

மறுநாள் முதல் சிக்னலில் நின்றதும் பெட்ரோல் பொங்கி, பிளக் நனைந்து, எஞ்சின் அணைந்தது. இரண்டாவது சிக்னலிலும் அப்படியே. மூன்றாவது சிக்னலில், போன வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட ஒருவர் ஓடி வந்தார். "டாக்டர், நீங்க உக்காருங்க. நான் தள்ளறேன்."

நகுலன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

வாரம் முழுவதும் இதே கதை. கடைசியில் புதியவை ஆக்சிலேட்டர் ஒயரைக் கேட்டன. "இவர் எப்பத்தான் முழுசா முறுக்குவார்?"

ஒயர் கொஞ்சம் தயங்கியது. "இவர் கையோட ரொம்ப வருஷமா இருக்கேன். என்னைப் பாதிக்கு மேல இழுத்ததே இல்லை."

"பொய்," என்றது பைக். "காத்து காதைக் கிழிக்கும்."

"அது எதிர்க்காத்து."

பைக்குக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, ஆளில்லாத பைபாஸ். நகுலன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தார். பாதி முறுக்கினார். பிறகு, முதல்முறையாக, முழுவதும்.

கார்புரேட்டர்கள் இரண்டும் ஒரே குரலில் பாடின. புளியமரங்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே பச்சைச் சுவராகின. முன்சக்கரம் ரோட்டை விட்டு லேசாக எழும்பியது.

"போதும்," என்றது பைக். "போதும் போதும். யாராவது அவர்கிட்டச் சொல்லுங்க."

ஹேண்டில்பார் கிடுகிடுவென்று ஆடியது. அந்த நடுக்கம் நகுலனின் கைக்கு ஏறி நெஞ்சுக்குப் போனது. சட்டென்று ஆக்சிலேட்டரை மூடிவிட்டார்.

இதில்தான் ஆபத்து. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்குச் சோறு. சக்கரம் இன்னும் அதே வேகத்தில் எஞ்சினைச் சுற்றியது. சோறு மட்டும் நின்றுபோனது.

"காயுது," என்றது பிஸ்டன். "பிடிச்சுக்கப் போகுது."

பிஸ்டன் இறுகியிருந்தால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டிருக்கும். நகுலனுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பயத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடித்தார். அதில் ஒன்று கிளட்ச்; சக்கரம் எஞ்சினைச் சுற்றுவதை விட்டது. அதனால் பிழைத்தார்கள்.

ஓரமாக நிறுத்தி, மைல்கல் மேல் உட்கார்ந்து கோதைக்குப் போன் செய்தார்.

"பறந்ததுங்களா?" என்று கேட்டார் கோதை.

"பறந்துச்சு. நான்தான் எறங்கிட்டேன்."

அன்று மாலையே பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். பழைய ஜோடி ஏன் எதற்கு என்று கேட்காமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

புது ஜோடியை வாங்கிப்போக ரெஜினா வந்தாள். பந்தயத்தில் நிஜமாகவே பைக் ஓட்டும் பெண். கார்புரேட்டர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புதுசாவே இருக்கே டாக்டர். ஏன் கழட்டிட்டீங்க? ஏதாச்சும் கோளாறா?"

"அதுல ஒரு கோளாறும் இல்லைம்மா," என்றார் நகுலன். "ஓட்டினவன்தான் ஓடிட்டான்."

ரெஜினா சிரித்துக்கொண்டே அவற்றைப் பையில் வைத்தாள். பைக் அவற்றிடம் மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னது:

"அவர் தன்னடக்கமாப் பேசறார், நம்பாதீங்க. ஓடினதுல ஃபர்ஸ்ட் வந்தது நான்."