ஆறடக்கியின் கை

கேளுங்கள். மன்னர்களுக்கு மட்டுமே வரலாறு இருந்த காலம் அது. சிற்றூர்களுக்கு வெறும் ஞாபகம்தான். அந்தக் காலத்தில் ஓர் ஆற்றங்கரையில் நாணற்குடி என்றொரு ஊர் இருந்தது. ஊர் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். கோரை அறுத்துப் பாய் முடையும் சில குடும்பங்கள், அவர்களுடைய ஆடுகள், ஊருக்குப் பின்னால் ஒரு மண்மேடு. அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாதத்தில் ஆற்றுநீர் சிவக்கும் முதல் நாளில் எல்லோரும் ஆளுக்கொரு பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுவார்கள். அங்கே கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள். நீர் தெளிந்த பிறகே இறங்குவார்கள். அவர்களுடைய முன்னோன் கூத்தன் ஒரு பெருவெள்ளத்தில் அப்படித்தான் பானையோடு ஓடி உயிர் பிழைத்தான். ஊரின் வரலாறே இந்த ஓட்டம்தான்.

ஊர்த்தலைவன் மருதையனுக்கு இது அவமானமாக இருந்தது. அவன் மகளைப் பெண் கேட்டு வந்த மேலூர்க்காரர்கள், "பயந்து ஓடினவன் வம்சமா நீங்க?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். மகளின் கலியாணம் நின்றதைக்கூட மருதையன் மறந்தான். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. அப்படிப்பட்ட தகப்பன்!

அந்த வழியே ஒரு புலவர் வந்தார். மருதையன் தன் குறையைச் சொன்னான்.

"வரலாறுதானே வேண்டும்? நீங்கள் பாய் முடைவதைவிடச் சீக்கிரம் முடைந்து தருகிறேன்" என்றார் புலவர். ஒரு பாய்க்கட்டையும் ஒரு கொழுத்த கிடாவையும் வாங்கிக்கொண்டு பாடினார். கூத்தன் ஓடவே இல்லையாம். கரையில் நின்று வலக்கையை உயர்த்தி "நில்!" என்றானாம். ஆறு நின்றதாம். அன்று முதல் அவன் பெயர் ஆறடக்கியாம்.

முதல் முறை கேட்டபோது ஊர் சிரித்தது. இரண்டாம் முறை தலையாட்டியது. மூன்றாம் முறை, "எங்க பாட்டன்கூட இதைத்தான் சொல்லுவாரு" என்று கிழவர்களே சாட்சி சொன்னார்கள். கொஞ்சமும் கூச்சமில்லாத ஜனங்கள்.

பெருமை வந்தால் சிலை வைக்காமல் முடியுமா? மண்மேட்டில் பாதியை வெட்டி எடுத்து, கை உயர்த்திய ஆறடக்கியைக் கரையில் நிறுத்தினார்கள். சூளையில் வைத்துச் சுட முடியாத அளவுக்குப் பெரிய சிலை. வெயிலில் காயவிட்டதோடு சரி. பானை ஓட்டம் இனிமேல் கிடையாது என்று மருதையன் தண்டோரா போட்டான்.

ஆடி வந்தது.

"ஏங்க, தண்ணி செவந்துருச்சு. பானையை எடுங்க" என்றாள் அவன் மனைவி செங்காயி.

"ஆறடக்கி வம்சம் பானை தூக்காது" என்றான் அவன்.

"ஏங்க, படித்துறை முங்கிருச்சு. பானையை எடுங்க."

"பாட்டன் கை பாத்துக்கும், போடி."

"ஏங்க, வாசலுக்கு வந்துருச்சு. பானையை எடுங்க!"

"இரு, நான் போய் நிறுத்திட்டு வரேன்."

அதற்குமேல் செங்காயி அவனோடு மல்லுக்கட்டவில்லை. பானையைத் தலையில் வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி கத்தியபடி மேட்டை நோக்கி ஓடினாள். அவ்வளவுதான், ஊர் முழுக்க அவள் பின்னால் ஓடியது. யாராவது முதலில் பயப்படட்டும் என்றுதான் அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

மருதையன் கரையில் நின்று வலக்கையை உயர்த்தினான். "நில்!" என்றான்.

ஆறு அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. அவன் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. அலறிக்கொண்டு சிலையின் தோளில் ஏறி, அந்த உயர்த்திய கையை இறுகக் கட்டிக்கொண்டான். ஈர மண் எவ்வளவு நேரம் தாங்கும்? முதலில் விரல்கள் கரைந்தன, பிறகு கை, பிறகு ஆறடக்கி முழுவதுமே சேறாகிப் போனான். தண்ணீரில் விழுந்தபோதுதான் மருதையனுக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. யாரோ ஒருவர் வீட்டிலிருந்து மிதந்து வந்த பானையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தத்தளித்து மேட்டில் ஒதுங்கினான்.

மிச்சமிருந்த பாதி மேட்டில் உட்காரக்கூட இடமில்லை. மனிதர்கள் நின்றபடியே பிழைத்தார்கள். ஆடுகளுக்கு இடமில்லாமல் எல்லாம் வெள்ளத்தோடு போயின. வெட்டிய மண் அங்கேயே இருந்திருந்தால் அவையும் பிழைத்திருக்கும்.

நீர் வடிந்ததும் அதே புலவர் பரிசலில் வந்து இறங்கினார்.

"தலைவரே! வெள்ளத்தை மார்பால் பிளந்து நீந்திய வீரர் அல்லவா நீங்கள்? பாடட்டுமா?"

சேறு அப்பிய மருதையனின் முகம் மலர்ந்தது. ஆமாம், அந்த நிலையிலும்! கொடுக்க ஏதாவது கிடா மிஞ்சியிருக்கிறதா என்று சுற்றும் முற்றும் பார்த்தான்.

செங்காயி கரிபிடித்த பானையைத் தூக்கி அவன் தலையில் வைத்தாள். "பாடுறதுன்னா இதைப் பாடச் சொல்லுங்க" என்றாள்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மருதையன் பானையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். அடுத்த ஆடியில், ஆற்றில் ஒரு செந்நிறக் கீற்று தெரிந்ததுமே மேட்டுக்கு முதலில் ஓடியவன் அவன்தான்.

தங்களைக் காப்பாற்றிய உண்மைக்கு வெட்கப்பட்டுப் பொய்ப்பெருமையை விலைக்கு வாங்குகிறவர்கள், அந்தப் பெருமை கரையும்போது தாங்களும் சேர்ந்தே மூழ்குவார்கள்.