நண்டுக்கு ஒற்றைக் கை பெருத்த கதை

அந்தக் காலத்தில் கழிமுகத்துச் சேற்றில் வாழ்ந்த நண்டுகளுக்கு இரண்டு கைகளும் ஒரே அளவுதான், இரண்டுமே சின்னக் கைகள். நண்டும் நாரையும் ஒரே பாஷை பேசின. அதனால் சண்டை போடுவதும் சுலபமாக இருந்தது.

ஒரு வருடம் மழை பொய்த்தது. உள்நாட்டு ஏரிகள் வறண்டுபோக, நாரைகள் கூட்டமாகக் கழிமுகத்தில் வந்து இறங்கின. சேற்றின் மேல் திரிந்த நண்டுகளைத் தின்றதோடு அவை விடவில்லை. வளைகளைத் தோண்டி, முட்டை சுமந்து படுத்திருந்த நண்டுகளையும் இழுத்துப் போட்டன. நண்டுகள் கடலாமையிடம் போய் அழுதன. ஆமை, நாரைத் தலைவன் நெட்டையனைக் கூப்பிட்டு விசாரித்தது.

"பசிக்குது, தோண்டுறோம். இதுல பேச என்ன இருக்கு?" என்றான் நெட்டையன்.

"அப்படியானால் பந்தாடித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றது ஆமை.

அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் அது. சேற்றை உருட்டிக் காயவைத்த பந்தை ஓர் அணி எறியும், மற்ற அணி அடிக்கும். நாரைகளுக்கு அலகு, நண்டுகளுக்குக் கண்டல் மரக் குச்சி. அடித்த பந்து பக்கத்து ஓடையைத் தாண்டி விழுந்தால் ஒரு புள்ளி. மூன்று பந்துகளைத் தவறவிட்டவர் வெளியேற வேண்டும். மொத்தம் மூன்று ஆட்டங்கள். நாரைகள் வென்றால் நண்டுகள் இந்தச் சேற்றுத் திட்டைவிட்டுக் கடலுக்குள் போய்விட வேண்டும். நண்டுகள் வென்றால் நாரைகள் இனி வளையைத் தொடக் கூடாது.

நண்டுகளுக்காக எறிந்தவன் சேறன். பெரிய ஆள் ஒன்றுமில்லை, அதிகம் பேசவும் மாட்டான். ஆனால் அவன் வலக்கையிலிருந்து புறப்பட்ட பந்து நேராக வந்து, அலகுக்கு ஒரு சாண் முன்னால் சட்டென்று கீழே இறங்கும். முதல் ஆட்டத்தில் ஒரு நாரையின் அலகிலும் பந்து படவில்லை; நண்டுகள் வென்றன.

"வந்ததைப் பாத்தேன். போனதைப் பாக்கலை" என்றான் நெட்டையன், வெளியேறும்போது.

அன்றைக்கே சேறனின் கை கனத்துவிட்டது. அவனை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டாவது ஆட்டத்தில் மற்ற நண்டுகள் மாறி மாறி எறிந்தன. நாரைகள் வெளுத்து வாங்கின. ஓடைக்கு அப்பால் பந்துகள் குவிந்து கிடந்தன.

கடைசி ஆட்டத்தன்று காலையில் சேறனின் மனைவி குமிழி அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஓட்டுக்குள் சதை வீங்கி, கணுக்களில் பிதுங்கிக்கொண்டு நின்றது.

"இந்தக் கையால இன்னிக்கு வேண்டாங்க. இடக்கையால போடுங்க."

"இடக்கையில பந்து இறங்காது, குமிழி. நேராப் போகும். நேராப் போனா அடிச்சிருவாங்க."

"கை போயிட்டா எப்படிச் சாப்பிடுவீங்க?"

"ஒரு கை இருக்குல்ல" என்றான் சேறன்.

அவன் எறிந்தான். ஒரு நாரையும் தொடவில்லை. நாரைகளும் அன்று நன்றாகவே எறிந்தன. நண்டுகளுக்கும் புள்ளி கிடைக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் குமிழி குச்சியை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்து ஓங்கி அடித்தாள். பந்து ஓடையைத் தாண்டிப் போய் அலையாத்திச் செடிக்குள் விழுந்தது. நண்டுகளுக்கு ஒரு புள்ளி.

நாரைகளில் இனி மிச்சம் நெட்டையன் ஒருவன்தான். முதல் பந்து தவறியது. இரண்டாவதும் தவறியது. அதை எறிந்தபோது சேறனின் கை ஓடு விரிசல் விட்டது. சத்தம் நடுவராகக் கரையில் இருந்த ஆமைக்கே கேட்டது.

"நிறுத்திக்கிறியா?" என்று ஆமை கேட்டது.

சேறன் இடக்கையைப் பார்த்தான். பிறகு பந்தை வலக்கைக்கே மாற்றி, உடம்பையெல்லாம் திருப்பி எறிந்தான். ஓடு இரண்டாகப் பிளந்து சேற்றில் விழுந்தது. நெட்டையன் எட்டி அடித்தான். காற்றுதான் அகப்பட்டது.

நண்டுகள் கூத்தாடின. சேறன் தன் வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். ஓட்டின் பிடி விட்டதும் வீக்கம் இஷ்டத்துக்கு வளர்ந்து, அதன் மேலேயே புது ஓடு இறுகியது. அவன் வெளியே வந்தபோது வலக்கை அவன் உடம்பு அளவுக்கு இருந்தது. பந்தைப் பிடிக்க அது மடங்கவில்லை. சேற்றை அள்ளி வாயில் வைக்கவும் உதவவில்லை. இடக்கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான். பக்கத்தில் குமிழி இரு கைகளாலும் அள்ளித் தின்று, அவனுக்கு முன்பே வயிறு நிறைந்து நின்றாள்.

ஒரு நாள் கடல் உள்வாங்கி நீர் வற்றியிருந்தபோது நெட்டையன் தனியாக வந்து, சேறனின் வளை வாயில் நின்றான்.

"உன் கை போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். இன்னொரு ஆட்டம் ஆடுவோமா?"

குமிழி வளைக்குள் பதுங்கினாள். பந்து எறிய முடியாது என்பது சேறனுக்குத் தெரியும். அந்தப் பெரிய கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கினான். 'வா' என்று ஒரு முறை ஆட்டினான். மறுபடியும் ஆட்டினான்.

நெட்டையன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அலகைத் தாழ்த்தினான். தண்ணீர் ஓரமாக நடந்து போய்விட்டான்.

கழிமுகத்து ஆண் நண்டுகள் ஒரு கை பெருத்து, ஒரு கை சிறுத்துப் பிறப்பதும், பெண் நண்டுகளுக்கு இரு கைகளும் சமமாக இருப்பதும் அன்று முதல்தான். நீர் வற்றியதும் ஆண் நண்டுகள் வளை வாயில் நின்று, எதையும் எறிய முடியாத அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டத் தொடங்கியதும் அன்று முதல்தான்.