எலி வீட்டில் முளைத்த சாமை

நீலகிரி மலைமேல் ஒரு சோலைக்காடு. அங்கே ஊற்றுக்குப் பக்கத்தில் ஓர் எலி வளை தோண்டிக் குடியிருந்தது. சாதாரண வளையா அது? ஊற்றுத் தண்ணீரை மூங்கில் குழாய் வழியாக வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்திருந்தது எலி! குழாய் நுனியில் ஒரு மரத்தக்கை. பிடுங்கினால் தண்ணீர் கொட்டும், செருகினால் நின்றுவிடும். இந்தப் பெருமையை எலி சொல்லாத நாளே கிடையாது.

மார்கழி பிறந்தது. புல்மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று படிந்தது. எலியின் பெண்டாட்டி பிள்ளைத்தாச்சி. குளிர் போகும்வரை அடிவாரத்தில் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று இரண்டும் கிளம்பின.

“குட்டிங்க பிறந்தா இந்தச் சாமைதான் கஞ்சி. பத்திரமா பூட்டுங்க!” என்றாள் பெண்டாட்டி, உள்ளே குவித்திருந்த சாமையைக் காட்டி.

“ஈ எறும்பு நுழையாது, பாரு!” என்று எலி வாசலில் ஒரு கல்லை உருட்டி வைத்தது. கல்லைச் சுற்றி முள்ளை அடைத்தது.

பக்கத்துப் புதரிலிருந்து முள்ளம்பன்றியக்கா எட்டிப் பார்த்தாள்.

“தம்பி, குழாயை ஊற்றிலேருந்து எடுத்துட்டியா? தக்கையைப் பிடுங்கி, உள்ளே இருக்கிற தண்ணியை வடிச்சுடு. பின்பக்கம் ஒரு வழியும் விட்டுட்டுப் போ. நான் அப்பப்போ பார்த்துக்கிறேன்.”

‘ஓகோ! சாமைமேல கண்ணு வச்சாச்சு!’ என்று நினைத்தது எலி. “வேண்டாம்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்று சிரித்தது. பிறகு பின்வழியாக உள்ளே புகுந்து, தக்கையை இன்னும் நாலு அடி அடித்து இறுக்கியது. வெளியே வந்து அந்த வழியையும் மண்ணைப் போட்டு மூடிவிட்டது!

குளிர் போனது. திரும்பி வந்த எலி கல்லை உருட்டிவிட்டு உள்ளே போனது. காலெல்லாம் சேறு! குழாய் நெடுகப் பிளந்து கிடந்தது. சாமைக் குவியல் முழுக்கப் வெளிறிய முளைவிட்டு, அடியில் அழுகி நாறியது.

“அக்கா! நீங்கதானே வந்து உடைச்சீங்க?” என்று எலி வெளியே ஓடிவந்து கத்தியது.

முள்ளம்பன்றி பதில் சொல்லும் முன்னே பெண்டாட்டி முந்திக்கொண்டாள். “கல்லு வச்ச இடத்துல அப்படியே இருந்துச்சே! இப்ப நீங்கதானே உருட்டினீங்க? பின்வழி மண்ணும் கலையலையே! அப்புறம் அக்கா எந்த வழியா வந்தாங்களாம்?”

எலி திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தது.

“பனிக்கு வாசல் எதுக்குடா?” என்றாள் முள்ளம்பன்றி. “தண்ணி உறைஞ்சா உப்பும். இடம் இல்லேன்னா மூங்கிலைப் பிளக்கும். வெயில் வந்து உருகினதும் ஊற்று நேரா உன் வீட்டுக்குள்ள! பரவாயில்லை, வீட்டுக்குள்ளேயே வெள்ளாமை பண்ணின முதல் எலி நீதான்!”

பெண்டாட்டி சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முளைவிட்ட சாமையையே பார்த்தாள். முள்ளம்பன்றியும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கிழங்கு தோண்டக் கிளம்பினாள். குட்டிகள் பிறந்து கண் திறக்கும்வரை அந்தக் கிழங்குதான் அந்த வீட்டில் அடுப்பேறியது.

மறுபடியும் மார்கழி வந்தது. எலி முதல் வேலையாகக் குழாயை எடுத்து, தண்ணீரை வடித்துக் கவிழ்த்து வைத்தது. பிறகு தலையைச் சொறிந்தபடி பக்கத்துப் புதருக்குப் போனது.

“அக்கா, பின்பக்கம் வழி விட்டிருக்கேன். அப்பப்போ பார்த்துக்கிறீங்களா?”

“பார்த்துக்கிறேன். இந்த வருஷம் என்னடா விதைச்சிருக்கே?”

அண்டை வீட்டாரைச் சந்தேகப்படுகிற நேரத்தில் பாதியைத் தன் வீட்டைக் கவனிக்கச் செலவழித்தால், பூட்டிய வீடு பாழாகாது.